ஐந்தரை மணிக்கு வரும் முடிவுகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்காலத்து மாலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடிகளை மூடும்போது பெங்களூரில் மறுநாள் காலை ஐந்தரை ஆகியிருக்கும். அல்சூர் ஏரிக்கரையில் குனிந்து ஷூ லேஸை இரண்டாம் முறை இறுக்கி முடிந்துகொண்டிருக்கும் நேரம் எனக்கு அது. நெடுந்தூர ஓட்டமும் பிரைமரி தேர்தல் என்ற அமெரிக்க விநோதமும் என் மண்டைக்குள் பின்னிக்கொண்டதற்கு, தொடக்கத்தில், இந்தப் பத்தரை மணி நேர வித்தியாசத்தைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகியிருப்பேன். இன்னொரு காது நாய்களுக்காகவும் பின்னால் வரும் தண்ணீர் லாரிகளுக்காகவும் திறந்திருக்கும். செருகிய காதில், ஏதோவொரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எத்தனை சதவீதம் எண்ணியாயிற்று என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அங்கே வாக்கில்லை, அங்கே போனதும் இல்லை. அந்த நாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் சரிபார்த்துக் கொடுத்துப் பல ஆண்டுகளாகப் பிழைப்பதால் அந்த ஊர் நேரம் மட்டும் உடம்பில் ஏறிவிட்டது.

பிரைமரி என்ற சொல்லுக்கு நம் செய்தித்தாள்கள் இன்னும் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதன்மைத் தேர்தல் என்கிறார்கள், முதற்கட்டத் தேர்தல் என்கிறார்கள். முதற்கட்டம் என்றால் ஏழு கட்ட மக்களவைத் தேர்தலின் முதல் கட்டம் என்றுதான் நம்மூரில் யாரும் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. ஒரு கட்சி தன் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அலுவலகத்து அறைக்குள் முடிவு செய்யாமல், மாநிலம் மாநிலமாக வாக்குப் போடச் செய்து, ஏறத்தாழ ஐந்து மாதம் இழுத்து முடிவு செய்வதே பிரைமரி. ஆகவே பிரைமரி என்றே எழுதுகிறேன்.

2019 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை, மும்பையில் என் முதல் முழு மாரத்தான். 42.195 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் முடிப்பதாகத் திட்டம். திட்டம் என்பதைவிட, நாலரை என்ற எண்ணை நான்கு மாதமாகப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்வதே பொருத்தம். சிவாஜி முனையத்துக்கு எதிரே இருட்டில் கிளம்பி, மெரின் டிரைவையும் வொர்லியையும் கடந்து, பாந்த்ராவுக்குப் போகும் கடற்பாலத்தின் மேல் ஏறியபோது விடிந்தது. காற்று இதமாக இருந்தது. திட்டத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பதினைந்து நொடிக்கு மேல் வேகமாகவே போய்க்கொண்டிருந்தேன். உண்டியலில் காசு போடுவதுபோல நொடிகளைச் சேர்த்து வைக்கிறோம், பின்னால் உடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பாதித் தூரத்தை 2 மணி 9 நிமிடத்தில் தாண்டினேன்.

முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு மண்டைக்குள் கணக்கு தொடங்கியது. வலி இருந்தது, ஆனால் வலியைவிடக் கணக்கின் சத்தமே பெரிதாக இருந்தது. மிச்சம் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் ஆறே முக்கால் என்றால் எவ்வளவு, ஏழு என்றால் எவ்வளவு என்று, ஏழாம் வாய்ப்பாடே தடுமாறும் மூளையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன். 34ஆவது கிலோமீட்டர் பலகையில் மணி 3:36. மிச்சம் எட்டு கிலோமீட்டர் சொச்சம், கையில் 54 நிமிடம், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்குச் சற்றே மேல் ஓட வேண்டும். நான் ஏழரையில் ஊர்ந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான், விடை வந்துவிட்டது. பெடர் ரோடு ஏற்றத்தில் ஒரு பாட்டி ஆரஞ்சுச் சுளையை உப்பில் தொட்டு என் உள்ளங்கையில் வைத்தார். அதை வாயில் போடத் தோன்றாமல் வெகுநேரம் பிடித்தபடியே நடந்தேன். சாறும் வியர்வையும் சேர்ந்து உப்பு கரைந்து, விரலிடுக்கில் இருந்த சிராய்ப்பில் எரிந்தது. 5 மணி 21 நிமிடத்தில் முடித்தேன்.

பெங்களூர் திரும்பிய பிறகு கைக்கடிகாரத்துப் பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கால்கள் மெதுவாகத்தான் போயின, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தன. நாலரை கைவிட்டுப் போயிற்று என்று கணக்கு முடிந்ததற்கு அடுத்த இருநூறு மீட்டருக்குள் அவை நின்றிருக்கின்றன. அந்த இருநூறு மீட்டரில் என் உடம்பில் புதிதாக எதுவும் பழுதாகிவிடவில்லை.

இதற்கு உடம்புக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு முப்பது கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும் நிலைக்கு வரும். ஓட்டக்காரர்கள் ‘வால்’ வந்துவிட்டது என்று சொல்வது அதைத்தான். அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் சுவர் நம் மொழியில் விலங்கின் பின்னுறுப்பாகிவிடுகிறது, பின்னாலிருந்து இழுப்பதென்னவோ உண்மை. ஆனால் பெட்ரோல் தீர்ந்த வண்டி கணக்குப் பார்த்துவிட்டு நிற்பதில்லை. 2004இல் பிரிட்டனில் சைக்கிள் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சுமார் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டிய தூரத்தின் இடையிடையே மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடச் சொன்னார்கள். ஒரு வாய் கூட விழுங்காமலேயே அவர்கள் மூன்று சதவீதம் அளவுக்கு வேகமாக முடித்தார்கள். சோறு வருகிறது என்று நாக்கு சொன்னதே மூளைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. உடம்பு உண்மையாகவே தீர்ந்துபோவதற்கு வெகு முன்பே மூளை கடிவாளத்தை இழுக்கிறது என்பது தென்னாப்பிரிக்க உடலியலாளர் டிம் நோக்ஸின் வாதம். எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்தல்ல அது; இருந்தாலும் நாற்பதாவது கிலோமீட்டரில் செத்துச் சுண்ணாம்பாகிக் கிடந்தவர் கேமராவைக் கண்டதும் பாய்ந்து ஓடுவதைப் பார்த்தவர்கள் அதைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

எனக்கு மிகவும் உறைத்தது 2017இல் வெளியான வேறோர் ஆய்வு. அதைச் செய்தவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள். ஏறத்தாழ 98 லட்சம் மாரத்தான் முடிவு நேரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். மூன்று மணி, மூன்றரை, நான்கு போன்ற ரவுண்டான எண்களுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிந்திருந்தார்கள். எண்ணைத் தாண்டியதும் பள்ளம். 3:59க்கும் 4:01க்கும் நுரையீரலைப் பொறுத்தவரை வித்தியாசம் ஒன்றுமில்லை. நான்கு மணி என்ற கோட்டைச் சாலையில் யாரும் வரைந்து வைக்கவும் இல்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அந்தக் கோடு தெரிகிறவர்கள் எங்கிருந்தோ ஒரு வேகத்தைக் கொண்டுவருகிறார்கள். கோடு கைக்கு எட்டாது என்று தெரிந்தவர்கள் தளர்ந்துபோகிறார்கள். பெடர் ரோட்டில் நான் நின்றது தனிப்பட்ட அவமானம் என்று நினைத்திருந்தேன். அது புள்ளிவிவரத்தின் ஒரு பள்ளம் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பந்தயத்துக்கு மறுநாள் மாலை செம்பூரில் சித்தி வீட்டில் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தபோதுதான் கமலா ஹாரிஸ் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இறங்குவதாக அறிவித்தார். சித்திக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். ஹாரிஸ் அதே பக்கத்துத் துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று தெரிந்ததும் வீட்டில் அமெரிக்க அரசியல் மெகா சீரியலைவிட முக்கியமாகிவிட்டது. நானும் அப்படித்தான் இதற்குள் இழுக்கப்பட்டேன். ஆனால் அந்த ஓட்டம் நீடிக்கவில்லை. பெரும் கூட்டத்தோடு தொடங்கி, ஜூன் மாத விவாதத்தில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, பணம் கரைந்து, அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஒரே ஒரு வாக்கு கூடப் பதிவாவதற்கு முன்பே விலகினார். கடற்பாலத்தில் வேகமாகப் போனவளுக்கு அது புரியாமல் இருக்குமா?

பிரைமரிகளைப் பின்தொடர ஆரம்பித்த பிறகு பழைய கதைகளையும் தேடிப் படித்தேன். அங்கேயும் அதே கண்ணுக்குத் தெரியாத கோடு குறுக்கே கிடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் ஒரு சின்னஞ்சிறு மாநிலம். 1920இலிருந்து நாட்டின் முதல் பிரைமரி அங்கேதான் நடந்துவந்தது; அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று 1975இல் சட்டமே போட்டுக்கொண்டார்கள். 1968 மார்ச்சில் அங்கே பதவியில் இருந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 49 சதவீதம் வாங்கினார், அதுவும் வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாமலேயே, வாக்காளர்கள் கைப்பட எழுதிப் போட்டு. வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜீன் மெக்கார்த்திக்கு 42. ஜெயித்தவர் ஜான்சன். ஆனால் ஜனாதிபதிக்கு எதிராக ஒரு செனட்டர் இவ்வளவு நெருங்கி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே ஜெயித்தவர் தோற்றவரானார். அந்த மாதம் 31ஆம் தேதி இரவு, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். 1972இல் எட்மண்ட் மஸ்கி அதே மாநிலத்தில் 46க்கு 37 என்று ஜார்ஜ் மெக்கவர்னை முந்தினார். பக்கத்து மாநிலத்துக்காரர், பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். அந்த ஆண்டு வேட்பாளரானவர் மெக்கவர்ன். 1992இல் பில் கிளின்டன் இரண்டாவதாக வந்துவிட்டு, அன்றிரவே மேடையேறித் தன்னைத் தானே மீண்டுவந்த பிள்ளை என்று அழைத்துக்கொண்டார். முதலில் வந்த பால் சாங்கஸின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

நம்மூர்க்காரர்களுக்கு இது விளங்காத கணக்காகத் தோன்றும். நம் தேர்தலில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் ஜெயிப்பு, மாலை, பட்டாசு. அங்கே ஓட்டம் ஒரு நாளில் முடிவதில்லை என்பதால், ஒவ்வொரு மாநிலத்து முடிவையும் யாரோ வரைந்த கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்கிறார்கள். கோட்டுக்குக் கீழே என்று தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும், தொண்டர்கள் அடுத்த முகாமுக்குப் போய்விடுவார்கள். கோட்டை வரைவது செய்தியாளர்களும் கருத்துக்கணிப்பாளர்களும் வேட்பாளரின் ஆட்களுமாகச் சேர்ந்துதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே தங்கள் கோட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள், மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப் வாங்கும் இடத்தில் நிற்கும் எந்த ஓட்டக்காரரையும் கேட்டுப் பாருங்கள்: முழங்கால் சரியில்லை, பயிற்சி போதவில்லை, சும்மா முடித்தால் போதும் என்றுதான் சொல்வார். நியூ ஹாம்ப்ஷயரில் வேட்பாளரின் செய்தித் தொடர்பாளர் சொல்வதும் இதேதான்.

அல்சூர் ஏரிக்கரையில் எனக்கு வாய்த்த துணை ஓர் அண்ணன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர், கடிகாரம் கட்டாமல் ஓடுபவர். என் மும்பைக் கதையைக் கேட்டுவிட்டு, “நீ ரோட்ல ஓடலம்மா, பேப்பர்ல ஓடியிருக்கே” என்றார். பிறகு, கணக்குப் போடுவதை விட்டுவிட்டு எண்ணு என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. இடது கால் விழும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ண வேண்டும். நூறு வந்ததும் மறுபடி ஒன்று. பவுலா ராட்கிளிஃப் இதைச் செய்தவர் என்று பின்னால் படித்தேன். 2003இல் லண்டனில் 2:15:25 என்று உலக சாதனை படைத்த அவருக்கு, நூறு வரை மூன்று முறை எண்ணினால் ஒரு மைல் கணக்காகும். அண்ணனுக்கு அவரைத் தெரியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு மையத்துப் பையன்கள் அணியணியாக ஓடும்போது, அத்தனை பூட்ஸும் ஒரே தாளத்தில் விழுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். ராணுவத்தில் அவர்களுக்குத் தம்பிகள் என்றே பெயர்.

தமிழில் எண்ணுவது என்றால் எண்ணிக்கை போடுவதும்தான், நினைப்பதும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது எனக்கு ஏரிக்கரையில் தெரிந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று போய்க்கொண்டிருக்கும்போது இன்னும் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு மண்டையில் இடமிருக்காது. 1977இல் மோர்கனும் பொல்லாக்கும் அமெரிக்காவின் முன்னணி மாரத்தான் வீரர்களிடம் ஓடும்போது மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் வீடு கட்டுவது, பாட்டுப் பாடுவது என்று மனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். முன்னணி வீரர்களோ மூச்சு, தொடை, தோள் என்று உடம்பின் செய்திகளையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நூறு வரை எண்ணுவது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. காதில் தேர்தல் முடிவு கேட்டுக்கொண்டு ஓடுவது எந்தப் பக்கம் என்பதில் ஐயமே இல்லை.

அதற்கான தண்டனையும் கிடைத்தது. 2020 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை காலை. அயோவா மாநிலத்தின் காகஸ் கூட்டங்கள் (சாவடிக்குப் பதில் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடித் தங்கள் ஆதரவைத் தெரிவிப்பது) அவர்களுக்கு முந்தின நாள் மாலை ஏழுக்குத் தொடங்கின, நமக்குக் காலை ஆறரை. எட்டு கிலோமீட்டர் ஓடலாம் என்று கிளம்பினேன். முடிவு இதோ வருகிறது, இன்னும் சிறிது நேரத்தில் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரி, இன்னொரு சுற்று. அதுவும் முடிந்தது, சரி, இன்னும் ஒன்று. முடிவுகளைச் சேர்த்து அனுப்புவதற்காகக் கட்சி ஏற்பாடு செய்திருந்த செயலி காலை வாரிவிட்டது என்பது அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பதினேழாவது கிலோமீட்டரில், வலது கால் கட்டைவிரல் கொப்புளம் உடைந்து சாக்ஸில் ஈரம் பரவியபோதுதான் நின்றேன். அன்று இரவு வரை ஓர் எண் கூட வெளிவரவில்லை. மென்பொருள் சரிபார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தொழில்முறைக் கோபமும் வந்தது. அதை இங்கே கொட்டப் போவதில்லை. என்னை அதிகம் பாதித்தது வேறு. பதினேழு கிலோமீட்டர் எனக்குப் பெரிய தூரமே அல்ல, ஞாயிறுகளில் அதைப்போல் இருமடங்கு வரை போயிருக்கிறேன். அன்று அது நாற்பது போலக் கனத்தது. எங்கே முடியும் என்று தெரிந்தால்தான் உடம்பு தன் சக்தியைப் பிரித்து வைக்கும். முடிவு தெரியாத ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் கடைசிச் சுற்றின் செலவையே கேட்கிறது.

களைப்பு எங்கே தொடங்குகிறது என்பதிலும் எனக்குத் தவறான எண்ணம் இருந்தது. இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை நீளும் அலுவலக அழைப்புகளில் நான் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன், காலுக்கு என்ன வேலை என்று நினைப்பேன். சாமுவேலே மார்கோராவும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் கணினி முன் கூர்ந்து கவனம் செலுத்தும் வேலை கொடுத்துவிட்டு உடனே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வேறொரு நாள் அதே ஆட்களை ஆவணப்படம் பார்க்க வைத்துவிட்டு மிதிக்கச் சொன்னதோடு ஒப்பிட்டால், மூளை களைத்த நாளில் அவர்கள் முன்னதாகவே கைவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கான காரணம் தென்படவில்லை. அதே மிதி அன்று கூடுதல் கஷ்டமாகத் தோன்றியது, அவ்வளவே. இதைப் படித்த பிறகு லாங் ரன்னுக்கு முந்தைய இரவு விவாதங்களை நேரலையில் பார்ப்பதை நிறுத்தினேன். அலுவலக அழைப்புகளை நிறுத்த வழியில்லை.

வேகப் பங்கீட்டில் கோட்டைவிட்டவர்களின் கதைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி 2007 முழுவதும் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தார். தொடக்க மாநிலங்களில் பலத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்து 2008 ஜனவரி 29 அன்று ஃபுளோரிடாவில் மொத்தமாக இறக்குவதாகத் திட்டம். அந்த நாள் வருவதற்குள் மற்றவர்கள் ஓடி ஓடிப் பெயர் வாங்கிவிட்டார்கள். ஃபுளோரிடாவில் மூன்றாவதாக வந்து மறுநாள் விலகினார். கடைசியில் பாய்வதற்காக அடக்கி ஓடுவது நல்ல உத்திதான், ஆனால் முன்னால் போகும் கூட்டம் கண்ணை விட்டு மறைந்துவிட்டால் யாரைப் பார்த்துப் பாய்வது? இதற்கு நேர் எதிர் ஜெப் புஷ். 2015இல் அவருக்காகத் திரட்டிய பணம் பத்துக் கோடி டாலருக்கு மேல். மற்றவர்கள் மிரண்டு ஒதுங்குவார்கள் என்று நினைத்தார்கள். யாரும் மிரளவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று, மூன்றே மாநிலங்களுக்குப் பிறகு ஓட்டம் முடிந்தது. ஜூலியானியைவிட ஜெப் புஷ்ஷிடம்தான் எனக்கு அனுதாபம் அதிகம். உண்டியல் நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை எனக்குத் தெரிந்த நோய்.

இத்தனையும் கேட்டுவிட்டு அண்ணன் ஒரு நாள், சிஎம்எச் ரோட்டுத் தர்ஷினியில் பை-டூ காபி ஆற்றிக்கொண்டே, நம்ம ஊர்ல இது ஏன் இல்லை என்று கேட்டார். இருந்தது என்றேன். 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் சில தொகுதிகளில் இதை முயன்று பார்த்தது, அதில் ஒன்று பக்கத்திலேயே இருக்கும் பெங்களூரு வடக்கு. பொதுமக்கள் போடவில்லை, கட்சி நிர்வாகிகளும் பிரதிநிதிகளும்தான் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிரதான தேர்தலில் சதானந்த கவுடாவிடம் தோற்றார், முயற்சியும் அத்தோடு ஓய்ந்தது. “சீட்டு குடுக்கறதுல இருக்கற சுகத்த எவன் விடுவான்?” என்றார் அண்ணன். அமெரிக்கர்களும் சும்மா விடவில்லை என்றேன். 1968இல் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியைச் சிகாகோ மாநாட்டில் வேட்பாளராக்கினார்கள். மண்டபத்துக்கு வெளியே தெருவெல்லாம் ரத்தக்களரி. அந்தக் கசப்பிலிருந்து வந்த விதிமாற்றங்களால்தான் பிரைமரிகளுக்கு இன்றைய வலு வந்தது. அண்ணனிடம் அன்று சொல்லியிருக்க முடியாத பின்கதை ஒன்றும் உண்டு: 2024 ஜூலையில் பைடன் விலகியதும், துளசேந்திரபுரத்துப் பேத்தி தன் பெயரில் அந்த ஆண்டு ஒரு பிரைமரி கூட ஓடாமலேயே வேட்பாளரானார்.

பைடன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, நெவாடாவில் எட்ட முடியாத இரண்டாவது. 2020 பிப்ரவரி கடைசியில் அவரைப் பற்றி எழுதியதெல்லாம் இரங்கல் குறிப்பு போலவே இருந்தது. தென் கரோலினாவில் பிப்ரவரி 29 மாலை ஏழுக்குச் சாவடிகளை மூடினார்கள். மார்ச் 1 காலை ஐந்தரைக்கு நானும் அண்ணனும் முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிளம்பினோம். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைத் தாண்டுவதற்குள், எண்ணத் தொடங்குவதற்கும் முன்பே, பைடன் ஜெயித்துவிட்டதாகக் காதில் அறிவித்துவிட்டார்கள். நான் கத்தியதில் அண்ணன் நாய் கடித்துவிட்டதோ என்று திரும்பினார். அன்று கப்பன் பார்க்கில் சுற்றிச் சுற்றி ஓடியபோது ஒரு விஷயத்தையே உருட்டிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று மாநிலங்களிலும் அவருக்குப் போட்ட கோடு தவறான இடத்தில் இருந்ததா, அல்லது எல்லாம் முடிந்ததாகத் தோன்றிய இடத்திலும் தன் சாலை எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் அவர் பக்கம் என்பது ரகசியமாக இருக்கவில்லை. ஓடுபவருக்கும் இது பொருந்தும். எந்த ஏற்றம் தனக்கானது என்று தெரிந்தவருக்கு முன்பாதியில் முந்திச் செல்பவர்களின் முதுகு அவ்வளவு உறுத்தாது. மூன்று நாள் கழித்து, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாயில் அவர் பத்து மாநிலங்களை அள்ளினார். அடுத்த மூன்று வாரத்தில் ஊரடங்கு வந்தது. பந்தயங்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின, நான் நாலு மாதம் மொட்டைமாடியில் ஓடினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2024 ஜனவரி 21 அன்று மறுபடி மும்பை. இந்தத் தடவை எண் ஐந்து மணி. எண்ணே வைத்துக்கொள்ளாதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவ்வளவு முதிர்ச்சி எனக்கு வரவில்லை. கடற்பாலத்தில் அடக்கியே ஓடினேன். பெடர் ரோட்டில் ஆரஞ்சுச் சுளை கொடுத்தவர் வேறு யாரோ, உடனே வாயில் போட்டுக்கொண்டேன். நாற்பதாவது கிலோமீட்டர் பலகையில் மணி 4:46. மிச்சம் இரண்டு கிலோமீட்டர் இருநூறு மீட்டர், கையில் 14 நிமிடம். வேண்டியது ஆறு நிமிடம் இருபது நொடி, கால் போவது ஏழே காலில். விடை வருவதற்கு ஒரு நொடி கூட ஆகவில்லை, பழகிய கணக்கு. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது என்று இடது கால் விழுந்துகொண்டிருந்தது. நூறு வந்ததும் மறுபடி ஒன்று. 5 மணி 2 நிமிடம்.

மாரத்தான் ஓடிய இரவில் தூக்கம் வராது. உடம்பு அடித்துப்போட்டது போலிருக்கும், கண் மூடாது. செம்பூரில் சித்தி வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்து, ஒன்றரை மணிக்குமேல் கைப்பேசியை நிமிண்டியபோது செய்தி வந்திருந்தது. ரான் டிசான்டிஸ் விலகிவிட்டார். அயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் நேரில் போனவர். ஆறு நாள் முன்புதான் அங்கே 51 சதவீதம் வாங்கிய டிரம்புக்கு அடுத்ததாக, 21 சதவீதத்தோடு, இரண்டாவதாக வந்திருந்தார். நியூ ஹாம்ப்ஷயருக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வெற்றிக்குத் தெளிவான வழி தெரியவில்லை என்று வீடியோவில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

சித்தி விளக்கைப் போட்டு, இன்னும் தூங்கலையா என்றார்.

“ஒருத்தர் பாதியில விலகிட்டார் சித்தி.”

“உன்னோட ஓடினவரா?”

இல்லை என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் எழுவதற்குள் அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த தயிர் சாதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.